சுரைப்புரடையும் மிதவைச் சட்டையும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் பிறந்தவர்களைத் தண்ணீர் விஷயத்தில் யாரும் நம்புவதில்லை. "உங்கள் பக்கத்தில் குடிப்பதற்கே தண்ணீர் கிடையாதே, நீந்துவதற்கு எங்கே போனீர்கள்?" என்று தாமிரவருணிக் கரைக்காரர்கள் கேலி செய்வார்கள். கேலியில் பாதி நியாயம் இருக்கத்தான் செய்கிறது. எங்களுக்கு ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மனம் வைத்தால் கண்மாயில் தண்ணீர். பங்குனி பிறந்தால் அதே கண்மாயில் பாளம் பாளமாக வெடிப்பு. ஆனால், கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆற்றங்கரைப் பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் காலை ஊன்றிக்கொண்டு நீச்சல் பழகுகிறான். கரிசல் காட்டுப் பிள்ளைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவனுக்கு வாய்த்தது வெட்டுக் கிணறு. கடைசிப் படியிலிருந்து காலை எடுத்தால் மூன்று ஆள் ஆழம். ஆகையால், எங்கள் பக்கத்தில் மிதவை இல்லாமல் நீச்சல் இல்லை. மிதவையைத் தேர்ந்தெடுப்பது எங்களுக்கு ஒரு சாஸ்திரம்.

அந்தச் சாஸ்திரத்தில் முதல் ஸ்தானம் சுரைப்புரடைக்கு. கொடியிலேயே முற்றிக் காம்பு காய்ந்த சுரைக்காயைப் பறித்து நிழலில் உலர்த்தினால், உள்ளே சதை வற்றி விதைகள் கலகலவென்று ஆடும். வெளி ஓடு கட்டை மாதிரி இறுகிவிடும். காய்க்கு இடுப்பு இருக்க வேண்டும். இடுப்பில்லாத காயில் கயிறு நிற்காது, வழுக்கும். கல்யாணமுருங்கைக் கட்டை இரண்டாந்தரம்; லேசானதுதான், ஆனால் ஊற ஊறக் கனக்கும். பூத்துக் காய்ந்த ரயில் கற்றாழைத் தண்டும் அப்படித்தான். வாழைத் தண்டு எங்கள் ஊரில் கல்யாண வீட்டில்தான் கிடைக்கும். பிற்பாடு எண்ணெய் டின் வந்தது. லாரி டியூப் வந்தது.

எங்கள் தாத்தாவுக்கு டின் என்றால் ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஒரு பையன் டின்னைக் கட்டிக்கொண்டு நடுக்கிணற்றுக்குப் போனான். மூடி கழன்று தண்ணீர் புகுந்தது. மிதக்க வைக்க வேண்டிய டின்னே அவனைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் என் அக்காளோடு ஐந்தாம் வகுப்பில் படித்தவன். அன்றைக்குக் கிணற்று மேட்டில் நின்று பார்த்தவள், அதன் பிறகு வாளியில் தண்ணீர் இறைப்பதற்குக்கூடக் கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை.

தாத்தா புரடையைத் தேர்ந்தெடுக்கும்போது பெண் பார்க்கப் போனவர் மாதிரி உட்கார்ந்துவிடுவார். விரல் கணுவால் தட்டிச் சத்தம் கேட்பார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பூச்சி துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மாட்டுத் தொட்டியில் ஒரு ராத்திரி முழுவதும் அமுக்கி வைத்து, காலையில் கையில் எடுத்து நிறுப்பார். அதற்கப்புறம்தான் எங்கள் முதுகில் கட்டுவார். "இடுப்புக்கு மேலே, விலாவுக்குக் கீழே" என்பது அவர் கணக்கு. கொஞ்சம் இறங்கிவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு தலை தண்ணீருக்குள் போய்விடும். முதலில் இரண்டு புரடை, பத்து நாள் கழித்து ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. "எலே, புரடைய நம்பாதே. அது உன்னைத் தாங்குறதுக்கு இல்லை, நீ பழகுற வரைக்கும் பயத்தைத் தாங்குறதுக்கு" என்பார்.

உண்மையும் அதுதான். மனிதன் தண்ணீருக்குள் அநேகமாக எடையற்றவன். தலையை வெளியே தூக்கி வைத்துக்கொள்ளத்தான் நாலைந்து கிலோ உதவி வேண்டியிருக்கிறது. ஐந்து லிட்டர் கொள்ளுகிற ஒரு புரடை அந்த உதவியைச் செய்துவிடும்.

இந்தப் பழங்கதையெல்லாம் இப்போது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். என் அக்காள் மகனுக்குத் தூத்துக்குடிப் பக்கம் பவளப் பாறைகளைப் பார்த்துக் கணக்கெடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986-இல். பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கு எடுத்த கொடுமையால் அவற்றில் இரண்டு தீவுகள் கடலுக்குள் முழுகிவிட்டன. மிஞ்சியிருப்பவற்றைக் காப்பாற்ற, முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கீழே போய்ப் பார்க்க ஆள் வேண்டும். பயிற்சியை முடித்துவிட்டான். ஆனால், அவன் சம்பாத்தியத்திற்கு முதல் செலவாக ஒரு சட்டை வாங்க வேண்டியிருந்தது. பி.ஸி.டி. என்று மூன்றெழுத்தில் சொல்லுகிறார்கள். நான் அதை மிதவைச் சட்டை என்று சொல்லிக்கொள்கிறேன்.

"மாமா, நீங்களும் கூட வந்து பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அம்மா விடுவாங்க" என்றான். புரடை பார்த்த பரம்பரை என்ற ஒரே யோக்கியதையில் நானும் சம்மதித்தேன்.

முத்துக்குளித்தவர்களுக்கு இப்படிப்பட்ட சட்டை தேவைப்பட்டதில்லை. கல்லில் காலை வைத்து இறங்குவார்கள். மூச்சு முட்டும்போது தோணியில் இருக்கும் துணையாள் கயிற்றை இழுத்துத் தூக்கிவிடுவான். அவர்களுடைய கஷ்டமெல்லாம் கீழே போவதில்தான். தூத்துக்குடியில் அந்த முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அதே 1961-இல், மோரீஸ் ஃபென்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொள்கிற காற்றுப் பை ஒன்றைச் செய்தார் என்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. கூஸ்தோவும் காக்னானும் 1943-இலேயே நீருக்குள் மூச்சு விடுகிற கருவியைச் செய்துவிட்டார்கள். மூச்சு கிடைத்துவிட்டது; நின்ற இடத்தில் நிற்கத்தான் வழியில்லை. கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சட்டை.

சுரைப்புரடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மருமகன் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் திகிலாகவே இருந்தது. புரடையின் ஓடு கெட்டியானது. எங்கே கொண்டு போனாலும் அதே அளவு. சட்டையில் இருப்பது வெறும் பை. பத்து மீட்டர் ஆழத்தில் அதிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கிவிடும். மேலே வரும்போது அதே காற்று இரண்டு மடங்காக விரியும். விரிய விரிய ஆளைத் தூக்கும். தூக்கத் தூக்க இன்னும் விரியும். நிமிஷத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது அவர்கள் விதி. மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏறினால் நெஞ்சுக்குள் இருக்கிற காற்றும் அப்படியே விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆக, கிணற்றில் பயம் முழுகுவதில். கடலில் மிதப்பதிலும் பயம் இருக்கிறது!

அவன் முதலில் கொண்டு வந்தது பழைய சட்டை. யாரோ உல்லாசப் பிரயாணிகளைக் கடலுக்குள் கூட்டிப் போகிறவர்கள் கழித்துப் போட்டதை, பிடித்தால் வைத்துக்கொள்வது என்று பேசி வாங்கி வந்திருந்தான். விலை பாதிக்கும் குறைவு. எங்கள் தோட்டத்துப் பம்பு செட் தொட்டியில் அதைச் சோதித்தோம். வாயால் ஊதி நிரப்பித் தொட்டிக்குள் அமுக்கினோம், குமிழி வரவில்லை. ஒரு ராத்திரி அப்படியே வைத்தோம், பை தளரவில்லை. தோளிலும் இடுப்பிலும் இருக்கிற காற்றுப் போக்கிகளைக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம்; திறந்தன, மூடின. தாத்தா இருந்தால் இதற்குள் சரி என்றிருப்பார். கடைசியில், உருளையிலிருந்து காற்றை விடுகிற பொத்தானை அமுக்கினான். காற்று சீறிக்கொண்டு போயிற்று. விரலை எடுத்தான், சீறல் நிற்கவில்லை. உள்ளே உப்புப் பூத்துப் பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் அது தமாஷ். பதினைந்து மீட்டர் ஆழத்தில் அது ஆளை அம்பு மாதிரி மேலே எய்துவிடும்.

"பொத்தானை மாத்திக்கலாம் மாமா" என்றான்.

"பொத்தானுக்கு உப்பு போனது தெரிஞ்சுபோச்சு. பைக்குள்ளே எவ்வளவு உப்பு இருக்குன்னு எப்படித் தெரியும் மாப்பிள்ளை?" என்றேன். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரை உள்ளே விட்டு அலசாத பையில் உப்பு கல்லாக உறைந்து துணியை அறுக்கும் என்று சொல்லித் தந்தவனே அவன்தான். மறு பேச்சுப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

புதிதாக வாங்கும்போது இரண்டு ஜாதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, உடம்பைச் சுற்றிக் காற்று நிரம்புவது. தண்ணீர் மட்டத்தில் ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கும், ஆனால் நிறைய ஊதினால் நெஞ்சை இறுக்கும். மற்றொன்று, முதுகுப் பக்கம் மட்டும் இறக்கை மாதிரி நிரம்புவது. நீருக்குள் உடம்பைக் குப்புற, மட்டமாக வைத்திருக்கும், ஆனால் மேலே வந்ததும் அதிகமாக ஊதினால் முகத்தை முன்னால் தள்ளும். எதுவும் மயங்கியவன் முகத்தை நிமிர்த்தியே வைக்கும் என்று ஜாமீன் கொடுக்காது. இவன் வேலை பவளத்தின் மேல் குப்புற மிதந்து எண்ணுவது. காலிலுள்ள துடுப்பு ஒரு தடவை தட்டினால் பல வருஷம் வளர்ந்த பவளம் உடைந்துவிடும். ஆகையால், முதுகுப் பையே தீர்மானமாயிற்று. பெரிய பையாக வாங்கலாமே என்றேன். வேண்டாம் என்றான், வெதுவெதுப்பான எங்கள் கடலில் ஓர் உருளைக்குப் பதின்மூன்று கிலோவைத் தூக்குகிற பை தாராளம், பெரிதாக இருந்தால் காற்று இங்குமங்கும் ஓடி ஆளைப் புரட்டும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்காள், முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"ஏன் தம்பி, அந்தப் பையிலே ஓட்டை விழுந்துட்டா?"

முப்பத்தைந்து வருஷமாக அவள் மனத்தில் கிடக்கிற டின்தான் அந்தக் கேள்வியைக் கேட்டது என்று எனக்குத் தெரியும். நான் மருமகனைப் பார்த்தேன்.

"ஓட்டை விழுந்தாலும் வந்திரலாம்மா. அதுக்குத்தான் முதல்லே ஈயக் கட்டியைச் சரியா நிறுத்துக்கிறது" என்று அவன் விளக்கினான். பன்னிரண்டு லிட்டர் உருளையில் இருநூறு மடங்கு அழுத்தி அடைத்த காற்று ஏறக்குறைய மூன்று கிலோ நிற்கும். மூச்சு விட விட அந்த எடை குறையும். ஆகவே, உருளை தீரப் போகிற சமயத்தில், சட்டையில் காற்றே இல்லாமல், தண்ணீர் கண் மட்டத்திற்கு நிற்கிற அளவுக்கு மட்டும் ஈயத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். கிணற்றை விடக் கடலில் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், உப்புத் தண்ணீர் கனமானது. அப்படி நிறுத்துக் கட்டியவன், பை கிழிந்தாலும் காலை உதைத்தே மேலே வந்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் ஈயத்தை உருவிப் போட்டுவிடலாம். ஈயத்தை அள்ளிக் கட்டிக்கொண்டு, சட்டை தூக்கும் என்று நம்பிப் போகிறவனுக்குத்தான் ஆபத்து.

அக்காள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ அது இல்லாமலும் வரத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அதைப் போடணும்" என்றாள்.

புரடையை ஒவ்வொன்றாக அவிழ்த்த கிழவரின் பேத்தி அல்லவா! நாங்கள் இரண்டு பேரும் இரண்டு நாளாகப் பேசிய சாஸ்திரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். போய் வா என்று அவள் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. மகனுடைய புதுச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.