அற்பமானவற்றைக் கண்ட கண்கள்



குயவன் என்றவுடன் எரேமியா இறங்கிப்போன வீடே நம் நினைவுக்கு வரும். இவ்வாரம் வேறொரு குயவரைக் குறித்து எழுத விரும்புகிறேன். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த பெர்னார் பலிஸி என்பவர் அவர். சீர்திருத்தத் திருச்சபையின் விசுவாசி. லத்தீனும் கிரேக்கமும் கல்லாதவர்.

கண்ணாடியில் சித்திரம் தீட்டியும் நிலம் அளந்தும் பிழைத்துவந்த அவர், மெருகு பூசிய அழகிய மண்கோப்பை ஒன்றைக் கண்டார். அந்த மெருகின் இரகசியத்தைத் தேடி ஏறக்குறைய 16 ஆண்டுகள் உழைத்தார். விறகு தீர்ந்தபோது தோட்டத்துக் கட்டைகளையும், பின்னர் வீட்டு மேசைகளையும் தரைப்பலகைகளையும் சூளையில் இட்டார். 1580இல் வெளியான தம் நூலில் அவரே இதை விவரிக்கிறார்.

விடாமுயற்சிக்குச் சான்றாக இதைப் பலர் எடுத்துரைப்பதுண்டு. நானோ இதை வாசிக்கும்போதெல்லாம், அந்த மேசையைச் சுற்றி அமர்ந்து உண்டவர்களை நினைக்கிறேன். மனைவியின் வேதனையையும் அயலாரின் ஏளனத்தையும் பலிஸி மறைக்கவில்லை. ஒருவருடைய அழைப்புக்காக அவர் வீட்டார் செலுத்தும் விலை, நம் சாட்சிகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஊழியக்காரனாகிய எனக்கு அது தைக்கிறது.

இனி, அவர் கரங்கள் செய்ததைக் கவனியுங்கள். சிங்கத்தையோ கழுகையோ அவர் நாடவில்லை. குளக்கரையின் தவளை, பல்லி, பாம்பு, மீன், சிப்பி, இலை இவற்றையே தெரிந்துகொண்டார். உயிரற்ற அவ்வுடல்களின்மேல் சாந்து வார்த்து அச்செடுத்தார். அச்சில் களிமண்ணை அழுத்தினார். வந்த உருவங்களைப் பெரிய தட்டுகளில் பொருத்தி, பச்சையும் நீலமும் பழுப்புமாக மெருகிட்டுச் சுட்டார். மீனின் செதில் ஒவ்வொன்றும், தவளைத் தோலின் சொரசொரப்பும் அப்படியே பதிந்தன. நாம் அருவருத்து விலகும் ஊரும் பிராணிகள், இவ்விதமாய்ப் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் பிரவேசித்தன. சிருஷ்டிகரின் கிரியையைத் திருத்தி அழகுபடுத்த அவர் முற்படவில்லை. அது உள்ளபடியே பதியும்படி தம் களிமண்ணைக் கீழ்ப்படுத்தினார்.

கல்லில் காணும் சிப்பிகள் ஒருகாலத்தில் உயிரோடிருந்த பிராணிகளே என்று அவர் பாரீஸில் கற்றோர் முன்பாகத் துணிந்து விளக்கியதும், இப்படிப் பழகிய கண்களின் பலனே.

அரச குடும்பத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது. ஆயினும் மார்க்கக் கலகங்களின் நாட்களில் விசுவாசத்தினிமித்தம் பிடிபட்டார். அதை மறுதலியாமல், ஏறக்குறைய 80 வயதில், 1590இல் பாஸ்டில் சிறையிலே மரித்தார். ஒரு தவளையின் தோலையும் தன் இஷ்டப்படி மாற்றி வடிக்காத மனிதர், தான் சத்தியமென்று கண்டதைப் பிழைப்புக்காக மாற்றிச் சொல்லவில்லை. கொஞ்சத்திலே உண்மையாயிருப்பதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்குகிறது.

அன்பானவர்களே, இவ்வாரம் உங்கள் சுவரில் ஊரும் பல்லியைச் சற்றே நின்று பாருங்கள். உங்களோடு மேசையில் அமருகிறவர்களின் முகங்களையும் அவ்வண்ணமே பாருங்கள். இரண்டும் அவர் கரத்தின் கிரியைகளே.

கர்த்தர் தாமே நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.