அம்மாவும் கிராம்பு வாசமும்

என் அம்மாவுக்கு வாசனைத் திரவியம் என்றாலே பிடிக்காது. "நல்லா குளிச்சு, துவைச்ச துணியைப் போட்டா போதாதா? அதுக்கு மேல எதுக்கு இந்தத் தண்ணி?" என்பார். தலையில் மல்லிகைச் சரம், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை, நெற்றியில் திருநீறு. அவர் அனுமதித்த வாசனைகள் அவ்வளவுதான்.

அந்த வெறுப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அம்மா கூலாய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஒட்டுப்பால் வாடை எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் புரியாது. பாலில் இருக்கும் புரதம் அழுகி எழும் வாடை அது. கையில் ஏறினால் எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. லயத்து வீட்டில் கொடியில் காயும் சட்டைக்கும் ஏறும், பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கும் ஏறும்.

இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மெதுவாக நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை, நகர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான். அன்று மாலை வீட்டுக்கு வந்து குட்டிக்கூரா பவுடரைக் கழுத்து முழுக்கக் கொட்டிக்கொண்டேன். அம்மா பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என் சீருடையை மட்டும் தனி வாளியில் துவைத்து, அறைக்குள்ளேயே காயப்போட ஆரம்பித்தார். வாசனைத் திரவியத்தை அவர் ஏன் வெறுத்தார் என்பது எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று. நான் பூசிய ஒவ்வொரு வாசமும், அவர் கைகளின் வாடையை மறைக்கப் பூசியதாகவே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உண்மையும் அதுதான்.

தோட்டத்தை விட்டு பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்தோம். எனக்குச் சிங்கப்பூரில் வேலை. இங்கிருந்து தினமும் பாலம் கடந்து போகிறவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். நாலரை மணிக்கு அலாரம், ஐந்துக்கெல்லாம் சாலை, குடிநுழைவில் வரிசை. குளித்த ஈரம் காய்வதற்குள் பேருந்து நெரிசலில் வேர்த்துவிடும். ஆகவே என் பையில் எப்போதும் ஒரு சின்ன புட்டி இருக்கும். நான் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஒரே மாதிரியானவை: சோப்பு போல, துவைத்த துணி போல, வெள்ளரிக்காய் போல மணப்பவை. யாருக்கும் தொந்தரவு தராதவை. அலுவலகத்தில் மதிய உணவைச் சூடு பண்ணும்போது யாராவது மூக்கைச் சுளித்தால், அடுத்த நாள் தயிர்சாதம் கொண்டுபோகும் ரகம் நான். வாசனையிலும் அப்படித்தான் இருந்தேன்.

2019ஆம் ஆண்டுக் கடைசியில், ஓய்வு பெற்றுப் போன ஒரு மூத்த சக ஊழியர் எனக்கு ஒரு புட்டி கொடுத்தார். நீனா ரிச்சி நிறுவனத்தின் 'லேர் து தாம்'. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருடத்தில், 1948இல் பாரிஸில் வெளிவந்தது. இரண்டு புறாக்கள் மூடியில் உட்கார்ந்திருக்கும் புட்டி அதற்கு அடையாளம். "உன் வாசனை நீ அறையில் இல்லாத மாதிரியே இருக்கிறது. இதைப் போட்டுப் பார்" என்றார் அந்த அம்மையார்.

மறுநாள் காலை மணிக்கட்டில் ஒரு தடவை அடித்தேன். உடனே நினைவுக்கு வந்தது பல் மருத்துவமனை! சொத்தைப் பல்லில் மருந்து அடைக்கும்போது வருமே, அதே வாசம். கழுவிவிடலாமா என்று யோசிப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. குடிநுழைவு வரிசையில் நிற்கும்போது கையை மறுபடி முகர்ந்தேன். பல் மருத்துவர் போய்விட்டிருந்தார். கிராம்பு இருந்தது. கிராம்புக்கு உள்ளே ஒரு பூ இருந்தது. ரோஜா என்று நினைத்தால் ரோஜா இல்லை, மல்லிகை என்றால் மல்லிகையும் இல்லை. மதியத்துக்கு மேல் அது தோலோடு தோலாக அடங்கி, சந்தனமும் பவுடரும் கலந்த மாதிரி ஆயிற்று. நாள் முழுக்க அடிக்கடி கையை மூக்கருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

அந்தப் பூ கார்னேஷன். கேமரன் மலையில் பயிராகும் அதே மடிப்பு மடிப்பான பூதான். கார்னேஷன் இயற்கையிலேயே கிராம்பு போல மணக்கும். காரணம், கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதியாக இருக்கும் யூஜினால் என்ற பொருள் அந்தப் பூவின் வாசத்திலும் உண்டு. பல் மருத்துவர்கள் வலிக்கும் பல்லுக்கு வைக்கும் மருந்திலும் அதே யூஜினால்தான். பட்டையிலும் துளசியிலும்கூடக் கொஞ்சம் இருக்கிறது. மசாலா வேறு, பூ வேறு என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

நம் வீட்டில் அவை பிரிந்திருந்ததே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. தீபாவளிக் காலையை நினைத்துப் பாருங்கள். அடுப்பில் பட்டை கிராம்பு தாளித்த ஆட்டிறைச்சி, கூடத்தில் சாம்பிராணி, அம்மாவின் கொண்டையில் மல்லிகை. அவர் குனிந்து தட்டில் இட்லி வைக்கும்போது மூன்றும் ஒன்றாக வரும். பாரிஸ்காரர்கள் புட்டியில் அடைத்ததை என் அம்மா செலவில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

இன்னும் சொன்னால், அந்தச் சரக்குகள் நம் பக்கத்து வீட்டுச் சரக்குகள். கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். சாம்பிராணி சுமத்ராவில் ஒரு மரத்தின் பிசின். அதே சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ், கற்பூரத்துக்குப் பேர்போன பழைய துறைமுகம். அங்கே லோபு துவா என்ற இடத்தில் நம் வணிகர்கள் 1088இல் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நான் காலையில் ஒரு தடவை அடித்துக்கொண்டு ஓடுகிற வாசத்துக்காக, தமிழன் ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்தக் கடலில் கப்பல் விட்டிருக்கிறான்.

இதை எல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவர் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "கறிக்குப் போடற கிராம்பைக் கைக்குப் போட்டுக்கிட்டுப் போறியா? காசு கொடுத்து?" என்று சிரித்தார். ஆனால் முதல் தடவையாக, "என்னத்துக்கு இது" என்று கேட்கவில்லை.

மூன்று மாதம்தான். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பாலம் மூடியது. வேலை போய்விடக் கூடாதே என்று முதல் நாள் இரவே இரண்டு பைகளோடு சிங்கப்பூருக்குப் போனவள் நான். இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வாடகை அறையில் இருந்து பார்த்தால் இரவில் ஜொகூர் விளக்குகள் தெரியும். நடந்தே போய்விடக்கூடிய தூரம். இருபது மாதம் போக முடியவில்லை.

2021இல் அம்மாவுக்குக் கோவிட் வந்தது. கையில் இளஞ்சிவப்புப் பட்டையோடு வீட்டிலேயே தனிமையில் இருந்தார். பக்கத்து வீட்டு மக்சிக் தினமும் வாசல் கேட்டில் கஞ்சியைத் தொங்கவிட்டுப் போவார். அம்மா பிழைத்துக்கொண்டார். தொலைபேசியில், "வாசமே தெரியல பாப்பா. சளி போனா வந்துடும்" என்றார். நானும் அப்படியே நம்பினேன்.

அந்த ஆண்டு நவம்பர் 29இல் தரைவழிப் பயணம் மீண்டும் தொடங்கியது. டிசம்பரில் எனக்குப் பேருந்து டிக்கெட் கிடைத்தது. லார்கினில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். அம்மா கட்டிக்கொண்டார். என் கழுத்தில் முகத்தை வைத்து ஆழமாக மூச்சை இழுத்தார். அன்று வேண்டுமென்றே அந்த வாசனையை இரண்டு தடவை அடித்துக்கொண்டு வந்திருந்தேன், சிரிப்பாரே என்று.

"உன் வாசமே வரலியேம்மா" என்றார். அழுதார்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கவனித்தேன். சமையல் உப்பும் புளியும் மட்டுமாக ஆகியிருந்தது. தாளிப்பு கருகியது தெரியாமல் பரிமாறினார். தலையில் பூ வைப்பதை நிறுத்திவிட்டிருந்தார். "வாசம் இல்லாத பூவை எதுக்கு வைக்கணும்? பிளாஸ்டிக் பூ வெச்ச மாதிரி இருக்கு." ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தார். ஏன் என்றால், "என் மேல என்ன வாடை வருதுன்னு எனக்கே தெரியலியே. பக்கத்துல உட்காந்தவங்க நகர்ந்தா?" என்றார். நாற்காலியை நகர்த்திய அந்தப் பெண்ணைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. தோட்டத்தை விட்டு வந்த பிறகும் அந்தப் பயம் அவரோடேயே இருந்திருக்கிறது.

ஒரு மாலை வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் கேஸ் வாடை மூக்கில் அறைந்தது. காற்றில் அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்தடி தள்ளி அம்மா தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். 2019இல் பாசீர் கூடாங் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டி, அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடியபோது, காற்றில் ஏதாவது வருகிறதா என்று ஜன்னலருகே நின்று முகர்ந்து முகர்ந்து பார்த்தவர் என் அம்மா. அன்று அவர் பக்கத்தில் வந்த ஆபத்து அவருக்குத் தெரியவில்லை.

அடுப்பை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன், விளக்குச் சுவிட்சைத் தொடாதே என்று கத்தினேன். பிறகு இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அந்த வாரமே மின்காந்த அடுப்பு வாங்கிவிட்டோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, மாத்திரை எதுவும் எழுதவில்லை. முகரும் பயிற்சி செய்யச் சொன்னார். ஜெர்மனியில் தோமஸ் ஹும்மல் என்ற மருத்துவரின் குழு 2009இல் வெளியிட்ட முறை அது. நான்கு வாசனைகள், காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடிகள் மெதுவாக முகர வேண்டும், முகரும்போது அந்தப் பொருளை மனதில் நினைக்க வேண்டும், குறைந்தது பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். மூக்கில் உள்ள நுகர்வு நரம்புகள் புதிதாக முளைக்கக்கூடியவை. அவற்றுக்குப் பழைய பாடத்தை மறுபடி சொல்லிக்கொடுப்பதுதான் இந்தப் பயிற்சி. எல்லாருக்கும் பலிக்கும் என்ற உறுதி இல்லை.

நான்கு வாசனைகள் எவை தெரியுமா? ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு.

காரில் திரும்பும்போது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான்கில் இரண்டு என் புட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

பன்னீர், எலுமிச்சம்பழத் தோல், தைல புட்டி, கிராம்பு. நான்கையும் சின்னச் சின்ன ஜாடிகளில் போட்டு சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தோம். அம்மா விளக்கேற்றியதும் அதைச் செய்வார். முதல் இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. மூன்றாவது மாதம், "கோப்பி கருகின டயர் மாதிரி நாறுது" என்றார். வாசனை திரும்பும்போது இப்படித் திரிந்து வருவதும் உண்டு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நாறினாலும் பரவாயில்லை, ஏதோ வருகிறதே என்று அம்மா அன்று பாயசம் வைத்தார். அதில் ஏலக்காய் அளவுக்கு மீறி இருந்தது. நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஐந்தாவது மாதம் ஒரு காலை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்தவர் வாசற்படியிலேயே நின்றார். "கிராம்பு ஜாடி திறந்திருக்கா?" என்றார். ஜாடி மூடியிருந்தது. என் மணிக்கட்டை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் முகர்ந்தார்.

"கிராம்புதான். ஆனா உள்ள ஏதோ பூ மாதிரி இருக்கு. அது என்னன்னு பிடிபடல."

"எனக்கும் முதல் நாள் பிடிபடலைம்மா" என்றேன்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கம். காலையில் நான் ஒரே ஒரு தடவை அடித்துக்கொள்வேன். இந்த வாசனைக்கு அவ்வளவு போதும். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் போட்டால் பேருந்தில் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தலைவலி வந்துவிடும். வரிசையில் நிற்கும்போது இப்போது நான் கூசுவதில்லை. யாராவது, "மசாலா வாசம் மாதிரி வருதே" என்றால், "ஆமாம், கிராம்பு" என்பேன். எதையும் மறைக்க நான் இதைப் போடுவதில்லை.

அம்மாவுக்கு எல்லாம் திரும்பிவிடவில்லை. கேஸ் வாடை இன்னும் தெரியாது. சாம்பிராணி சில நாள் தெரியும், சில நாள் வெறும் புகை. மல்லிகை பாதி தெரிகிறது என்கிறார். பாதிக்காகவே மறுபடி தலையில் வைக்க ஆரம்பித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராஜமாரியம்மன் கோவிலுக்குப் போனால், சரம் வாங்கும்போது பூக்காரரிடம், "நல்லா மணமா இருக்கறதா பார்த்துக் கொடு தம்பி" என்று கேட்டு வாங்குகிறார்.

இன்று காலை கையை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இன்னைக்கு ஒண்ணும் வரல. நாளைக்குப் பார்ப்போம். நேரமாச்சு, நீ கிளம்பு."

கிளம்பினேன். கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, என் கையைப் பிடித்திருந்த தம் உள்ளங்கையை அவர் மெதுவாக மூக்கருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.