முதல் ரேங்க் யாருக்கு?

ஒரு பொருள் வாங்கப் போகிறோம் என்று வாயைத் திறந்து பாருங்கள், ஊரே ஆலோசகராகிவிடும்! "அந்தக் கம்பெனிப் பக்கமே போகாதே" என்பார் மாமா. "எங்க வீட்ல அதுதான் பதினஞ்சு வருஷமா ஓடுது" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கடைக்காரரோ, எதில் அவருக்கு லாபம் அதிகமோ அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "இப்போ இதுதான் சார் மூவிங்" என்பார். இந்த மூவருக்கும் நடுவில் நாலாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் வாங்குவோர் வழிகாட்டி. "சிறந்த 10 மிக்சிகள்", "குறைந்த விலையில் நிறைந்த தரம்: 5 கிரைண்டர்கள்" என்று ரேங்க் போட்டுக் கொடுப்பவர். பத்திரிகையிலும் வருகிறார், கைப்பேசியிலும் வருகிறார். இவரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நம்பத் தகுந்தவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற அமைப்பின் பத்திரிகைதான் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ். அவர்கள் சோதிக்கும் பொருளை நம்மைப் போலவே கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சொந்த சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பத்திரிகையில் விளம்பரம் போடுவதில்லை. இங்கிலாந்தில் 1957-ல் 'விச்' என்ற பத்திரிகை இதே வழியில் வந்தது. நம் நாட்டில் அகமதாபாத்தில் 1978-ல் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையமும், டெல்லியில் 1983-ல் வாய்ஸ் அமைப்பும் தோன்றின. இவையும் பொருள்களைச் சோதித்து, ஒப்பிட்டு, முடிவை வெளியிட்டன.

காசு கொடுத்து வாங்குவதில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். உப்பிட்டவரை நினைப்பது நம் பண்பாடு. உப்பிட்டவரையே நினைக்கும்போது, இலவசமாக மிக்சி கொடுத்தவரை நினைக்காமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்! இன்றைய பட்டியல்கள் பலவற்றில், நாம் அதன் வழியாகப் போய்ப் பொருளை வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகிறது. கமிஷன் வாங்குபவர் எல்லாரும் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "இந்த வருஷம் எதையும் வாங்காதீங்க, பழசே போதும்" என்று அந்தப் பட்டியல் என்றைக்காவது சொல்லுமா? பரிந்துரைக்கப் பணமோ பரிசோ வாங்கினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுக் குறிப்பே வெளியிட்டது. இணையத்தில் வரும் வாடிக்கையாளர் கருத்துகளை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்பதற்கு 2022-ல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரம் வந்தது. கருத்துக்கே ஐ.எஸ். நம்பர் போடும் காலம் வந்துவிட்டதென்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

சரி, நேர்மையான சோதனை என்றால் தப்பே வராதா? வரும். 2007 ஜனவரியில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கைக்குழந்தைகளுக்கான கார் இருக்கைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பக்கவாட்டு மோதல் சோதனை மணிக்கு 38 மைல் வேகத்தில் நடந்ததாகவும், பெரும்பாலான இருக்கைகள் தேறவில்லை என்றும் அதில் இருந்தது. பெற்றோர்கள் பதறிப்போனார்கள். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தபோது, அந்தச் சோதனை உண்மையில் 70 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் நடக்கும் மோதலுக்குச் சமம் என்று தெரிந்தது. அதே மாதத்திலேயே பத்திரிகை அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க எப்படி முடிந்தது? என்ன வேகம், எந்தக் கோணம் என்று சோதனை முறையை அவர்கள் எழுதி வைத்திருந்ததால்தான். லேபில் ரீடிங் எழுதாமல் ரிசல்ட் மட்டும் எழுதினால் நம் சார் ரெக்கார்டைத் திருப்பி எறிவார் அல்லவா? "சூப்பர்", "வேஸ்ட்" என்று மட்டும் சொல்லும் வழிகாட்டியைத் திருத்தக்கூட முடியாது.

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். என் செமஸ்டர் ஃபீஸ் அதிலிருந்துதான் வருகிறது. வீட்டில் இருந்தது 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், 150 வாட் மோட்டார். மாமா ஒரு பட்டியலைப் பார்த்து, அதில் முதல் ரேங்க் வாங்கிய மாடலாகத் தேடி வாங்கிக் கொடுத்தது. இரண்டாம் வருஷமே காயில் கருகிவிட்டது. கம்பெனியில் கேட்டால், "வியாபாரத்துக்கு உபயோகிச்சிருக்கீங்க, வாரண்டி செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாள் மாவு இல்லை. வாடிக்கையாக வாங்கிய இரண்டு வீடுகள் வேறு இடத்துக்குப் போய்விட்டன.

அடுத்த கிரைண்டருக்கு அம்மா மகளிர் குழுவில் 20,000 ரூபாய் கடன் எடுத்தார்கள். நான் மூன்று பட்டியல்களைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "இதை எழுதினவங்க ஒரு நாளைக்கு எத்தனை ஈடு ஆட்டுவாங்கப்பா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பட்டியலிலும் பதில் இல்லை. "நான்கு பேர் குடும்பத்துக்கு ஏற்றது" என்றுதான் இருந்தது. நாலு பேர் குடும்பம் வாரத்துக்கு இரண்டு தரம் ஆட்டும். அம்மா தினமும் விடாமல் நாலு ஈடு ஆட்டுவார்கள். மின் இயந்திரப் பாடத்தில் படிக்கிறோமே, தொடர்ந்து ஓடும் மோட்டார் வேறு, கொஞ்ச நேரம் ஓடி ஆறும் மோட்டார் வேறு என்று! எங்கள் வீட்டு மிக்சியின் பெயர்த்தகட்டில்கூட '30 நிமிடம்' என்று ரேட்டிங் போட்டிருக்கிறது. யாரும் படிப்பதில்லை. ஆக, மாமா பார்த்த பட்டியல் பொய் சொல்லவில்லை. அது வேறு ஒருவருடைய சமையலறைக்குப் பதில் சொல்லியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்காக வழிகாட்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டோமா என்றால், இல்லை. ரேங்கை விட்டுவிட்டு அட்டவணையின் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அரைக்க ஆகும் நேரம், மாவு எவ்வளவு சூடாகிறது, சத்தம், டிரம் எந்த ஸ்டீல், மோட்டாருக்குத் தனி வாரண்டி உண்டா? இவையெல்லாம் எங்களுக்குத் தானாகத் தோன்றியிருக்காது. அவற்றோடு நாங்கள் இரண்டு தலைப்பு சேர்த்தோம்: விடாமல் எத்தனை மணி நேரம் ஓடும்? உதிரி பாகம் நம்ம ஊரில் கிடைக்குமா?

கடைசிக் கேள்விக்கு ரிப்பேர் கடை அண்ணனிடம் போனோம். அவர் ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி, "எங்கிட்ட வர்றதுல பாதி அதுதான் தம்பி" என்றார். இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரில் பாதிப் பேர் அதையே வாங்கியிருந்தால், ரிப்பேருக்கு வருவதிலும் பாதி அதுவாகத்தானே இருக்கும்? ஆனால் அவர் அடுத்துச் சொன்னது எந்தப் பட்டியலிலும் கிடைக்காதது. "டில்டிங் கிரைண்டர்ல பெல்ட்டும் கெப்பாசிட்டரும்தான் அடிக்கடி போகும். ரெண்டும் எந்த ஊர்லயும் கிடைக்கும். ஒரு மணி நேரத்துல மாத்திரலாம்." அரை குதிரைத்திறன் மோட்டாரோடு 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கினோம். அழகுக்கு மார்க் போட்டால் பாஸ் ஆகாது. ஆனால் பெல்ட் ஒரு தரம் அறுந்தபோது, காலையில் அறுந்தது மத்தியானம் ஓடியது.

வழிகாட்டிகளில் அரசாங்கமே போடுவது ஒன்று உண்டு. அதுதான் நட்சத்திர முத்திரை. சீலிங் ஃபேன்களுக்கு இது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் மிச்சம். வாட்மீட்டர் நம் லேபிலேயே இருக்கிறது, சந்தேகம் உள்ளவர் வைத்துப் பார்க்கலாம். ஆனால் நட்சத்திரம் கரண்டைப் பற்றித்தான் பேசும், ஆயுளைப் பற்றிப் பேசாது. அதற்கும் வயதாகும்: 2022 ஜூலையில் விதி மாறியபோது ஐந்து நட்சத்திர ஏ.சி.கள் ஒரே நாளில் நான்கு நட்சத்திரமாகிவிட்டன! ஏ.சி. மாறவில்லை, அளவுகோல் மாறியது. ஆகவே எந்த வழிகாட்டியிலும் தேதியைப் பார்க்காமல் ரேங்கைப் பார்க்கக் கூடாது.

நண்பர்களே, யார் செலவில் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள், யாருக்காகச் சோதித்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லும் வழிகாட்டி நல்ல வழிகாட்டி. நாமே ஒன்று எழுதினால் என்ன? நம் பேரவை ஒரு நோட்டு போடலாம். விடுதியிலும் வீட்டிலும் நாம் வாங்கிய அயர்ன் பாக்ஸ், ஃபேன், மிக்சி எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம். வாங்கிய தேதி, விலை, தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, என்று பழுதானது, உதிரி கிடைத்ததா என்பது மட்டும் போதும். ரேங்க் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் ஜூனியர்கள் தொடர்ந்து எழுதினால், ஐந்து வருஷத்தில் எந்தக் கடைக்காரரும் தர முடியாத தகவல் நம் கையில் இருக்கும்.

டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம். அன்றைக்கே தொடங்கலாம். முதல் பக்கத்தில் எங்கள் வீட்டு இரண்டு கிரைண்டர்களையும் எழுதித் தர நான் தயார்.