நிரல் இயங்கினால் போதுமா?

முப்பது ஆண்டுகளுக்கு முன் களப்பணியில் தொகுக்கப்பட்ட ஒரு முண்டா மொழியின் அகராதி, என் ஆய்வுக்கான தரவுகளுள் ஒன்று. சொல் சொன்ன முதியவர்களுள் எவரும் இன்று இல்லை. மறுபடி சென்று கேட்க இயலாது. அந்தக் கோப்பே மூலம்.

தொகுக்கப் பயன்பட்ட மென்பொருள் ஷூபாக்ஸ். மொழியியலாளர் சொற்சீட்டுகளைக் காலணிப் பெட்டிகளில் அடுக்கி வைத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர். அதன் டாஸ் பதிப்பு 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை இயக்குவதில்லை. விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய கணினி விளையாட்டுகளுக்காக எழுதப்பட்ட டாஸ்பாக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளே கைகொடுத்தது. அது புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் பாவனை செய்கிறது.

நிரல் இயங்கியது; சொற்களைத்தான் படிக்க முடியவில்லை. 'ங்' ஒலிக்குரிய குறி நிற்க வேண்டிய இடத்தில் ஆங்கிலப் பெரிய 'என்' நின்றது. குரல்வளை அடைப்பொலிக்கு வினாக்குறி. அத்திட்டத்திற்கென்றே அமைத்த எழுத்துரு தொலைந்துபோயிருந்தது. திஸ்கி காலத்துத் தமிழ்க் கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

ஷூபாக்ஸின் தரவு எளிய உரைக்கோப்பு. எந்தக் கணினியிலும் திறக்கும். "பழைய நிரலோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? உரையை எடுத்து, பெரிய எழுத்துகளைச் சிறிதாக்கி, வினாக்குறிகளை நீக்கித் தூய்மை செய்துவிடலாமே" என்றார் நண்பர் ஒருவர். அப்படிச் செய்தால் 'ங்' ஒலியும் 'ன்' ஒலியும் ஒன்றாகிவிடும். இரு வேறு சொற்கள் ஒரே சொல்லாகும். அவை இரண்டு என்று திருத்திச் சொல்ல இனி யாரும் இல்லை.

விடை நிரலுக்குள்தான் இருந்தது. சொற்களை வரிசைப்படுத்துவதற்காக, எந்தக் குறிகள் தனித்தனி எழுத்துகள் என்று தொகுப்பாளர் அதில் வரையறுத்திருந்தார். அந்த வரிசையையும் துறை அலமாரியில் கிடந்த அச்சுப்படியையும் ஒப்பிட்டே யூனிகோடு மாற்று அட்டவணையை உருவாக்க முடிந்தது.

ஒரு தரவுக்கு நிரல், உரை, குறிகளின் பொருள் என மூன்று அடுக்குகள் உண்டு. முதலிரண்டையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மூன்றாவதை எவரேனும் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. ஆய்வேட்டோடு தரவை ஒப்படைக்கவிருக்கும் நண்பர்கள், எந்தக் குறி எந்த ஒலிக்கு என்னும் பட்டியலை ஒரே ஒரு பக்கமாகவேனும் அச்சிட்டு இணையுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதைத் திறப்பவருக்கு நம்மிடம் கேட்க வாய்ப்பில்லாமல் போகலாம்.