மேட்டில் நின்றுவிடும் கால்கள்

ஏற்காட்டில் ஏரிக்கரையை விட்டால் சமதளம் அதிகம் கிடையாது. கடைக்குப் போனாலும் மேடு, கோயிலுக்குப் போனாலும் மேடு. அதனால் காலின் குறை இங்கே சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும். ஆயுள் முழுக்கக் காப்பித் தோட்டத்தில் உழைத்த என் வயதுக்காரர்கள் பலரைப் பார்க்கிறேன். ஏற்றத்தில் கொஞ்சம் போனதும் நின்றுவிடுகிறார்கள். கண் சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகுக்கொடியில் இருக்கும். கை கெண்டைக்காலைப் பிடித்திருக்கும். சில நிமிடத்தில் வலி விடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். கேட்டால், "வயசாச்சுங்க" என்பார்கள்.

வயசு மேல் பழி போடாதீர்கள். நடந்தால் பிடித்து நின்றால் விடுகிற வலி, பெரும்பாலும் கால் ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதன் அடையாளம். சர்க்கரைக்காரர்களுக்கும் பீடி குடிப்பவர்களுக்கும் இது அதிகம். சென்னையில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், சர்க்கரை இல்லாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் இந்த அடைப்பு இருந்தது. நரம்பு மரத்துப் போனவர்களுக்கு வலியே தெரியாமலும் போகும். அதுதான் பெரிய ஆபத்து.

2025இல் 'லான்செட்' இதழில் 'ஸ்ட்ரைட்' ஆய்வின் முடிவு வந்தது. சர்க்கரையும் கால் அடைப்பும் உள்ள 792 பேர், 20 நாடுகளைச் சேர்ந்தவர்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை செமாக்ளூடைடு என்ற சர்க்கரை மருந்து ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. ஓராண்டு கழித்து நடக்கவிட்டார்கள், அதுவும் 12 சதவீத ஏற்றம் வைத்த டிரெட்மில்லில். நூறு மீட்டர் போவதற்குள் 12 மீட்டர் ஏறுகிற மேடு அது. நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். தொடக்கத்தில் 200 மீட்டர்கூடத் தாண்ட முடியாதவர்களே அவர்களில் பாதிக்கு மேல். ஊசி போட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 26 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள்.

இவ்வளவுதானா என்று கீழே சமவெளியில், சேலத்தில் இருப்பவர் கேட்கலாம். மேட்டில் குடியிருப்பவருக்கு அது வாசலிலிருந்து ரோடு வரை துணையில்லாமல் ஏறிப் போகிற தூரம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அதற்காக மெடிக்கலில் நீங்களே ஊசி வாங்கிவிடாதீர்கள். குமட்டல், வாந்தி வரலாம். இன்சுலினும் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். விழித்திரைக் கோளாறு உள்ளவர் முன்னதாகக் கண்ணைக் காட்ட வேண்டும். எல்லோருக்கும் கட்டுப்படியாகிற மருந்தும் அல்ல. காசில்லாத வைத்தியம் நடைதான். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வலி வரும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதம் விடாமல் செய்தால் தூரம் கூடும். பீடியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மருந்திலும் பலன் தேடாதீர்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் கால் வலியையும் சொல்லுங்கள். டாக்டரிடம் போனால் செருப்பைக் கழற்றி, பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டாலே பெரும்பாலும் அடைப்பு தெரிந்துவிடும். விரல் கறுத்தாலோ, புண் ஆறாமல் நின்றாலோ, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே சேலம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.