மயக்க டாக்டர் எதற்கு?

எம்.பி.பி.எஸ். முடித்த என் மகள், மேற்படிப்புக்கு மயக்கவியல்தான் வேண்டும் என்று ராப்பகலாகப் படிக்கிறாள். அதற்கு நேர்முகத் தேர்வு எதுவும் கிடையாது. நீட் பி.ஜி. தேர்வில் 200 கேள்விகள்; வாங்குகிற ரேங்க்கைப் பொறுத்துத்தான் இடம். ஆனால் சிவகாசியில் சொந்தபந்தங்கள் சும்மா விடுவார்களா?

"ஊசி போட்டுத் தூங்க வைக்கிறதுக்கு மூணு வருஷப் படிப்பா? பிரசவ டாக்டராகக் கூடாதா?" என்று கேட்டார் என் பெரிய நாத்தனார்.

"அத்தை, பட்டாசு விபத்துல முகம் வெந்து வர்றவங்களுக்குச் சுடுபுகை உள்ளே போயி தொண்டை வீங்கும். மூச்சு அடைக்கிறதுக்குள்ள குழாய் போடணும். அதுல கை தேர்ந்தவங்க மயக்க டாக்டருங்கதான். ஆபரேஷன் முடியுற வரைக்கும் மூச்சையும் நாடியையும் காவல் காக்கிறதும் அவங்கதான்" என்றாள்.

2012-ல் முதலிப்பட்டி வெடிவிபத்தைக் கண்ட ஊராயிற்றே! நாத்தனார் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. இளம் தாய்மார்களே, குழந்தைக்கு ஆபரேஷன் என்றால், டாக்டர் குறித்த நேரத்துக்குப் பிறகு, அழுகிறதே என்று ஒரு வாய் பால்கூடக் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தெரியாமல் கொடுத்திருந்தால், தயங்காமல் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உயிர் காக்கும் சொல் அது.