குப்புசாமிக்கு ஒரு டூப்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சென்னையில் பலர் மட்டன் கடைக்குப் போவார்கள். சிலர் பீச்சில் வாக்கிங் போவார்கள். நான், செத்துப்போன ஒரு மீனுக்கு டூப் தேடிக் கொளத்தூருக்குப் போனேன்.

விவகாரம் இதுதான். என் ஏழு வயது மகள் பிறந்த நாளுக்கு மீன் தொட்டி கேட்டாள். பக்கத்துத் தெருக் கடையில் இரண்டடித் தொட்டி, கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து திறந்து மூடும் சிப்பி என்று சகல சீர்வரிசையும் வாங்கினேன். குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றி, அன்று சாயங்காலமே நாலு கோல்டு ஃபிஷ் விட்டாயிற்று. வாலில் கரும்புள்ளி உள்ள ஒன்றுக்கு மகள் 'குப்புசாமி' என்று நாமகரணம் செய்துவிட்டு, காலாண்டு லீவுக்குப் பாட்டி வீட்டுக்குக் கிளம்பினாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் நீர்மோர் மாதிரி வெளுத்தது. நானும் பொறுப்பாகத் தொட்டியைக் கவிழ்த்து, கல், ஃபில்டர் ஸ்பான்ஜ் எல்லாவற்றையும் குழாயடியில் காட்டிப் பளபளவென்று கழுவி வைத்தேன். அதன் பிறகு தினம் ஒருவராக டிக்கெட் வாங்கினார்கள்.

"அப்பா, குப்புசாமி நல்லா இருக்கானா?" என்று தினமும் போன்.

"பேஷா இருக்கான்மா!"

சனிக்கிழமை ராத்திரி குப்புசாமியும் மல்லாந்தான். மகள் வருவது ஞாயிறு சாயங்காலம். "பேசாம உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி. எனக்குத் தைரியம் இல்லை.

சென்ட்ரல் பக்கத்தில் மின்சார ரயில் ஏறினேன். அந்த இடத்துக்கும் மீனுக்கும் சம்பந்தம் உண்டு. பழைய மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது. பழைய புத்தகம், கிளி, புறா, கலர் மீன் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்த இடம். 1985-ல் தீப்பிடித்து எரிந்தது. அங்கே எழுந்த ஸ்டேஷன் கட்டடத்துக்கு இன்றும் அதே பெயர்தான்.

வில்லிவாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முட்டி இடிக்க உட்கார்ந்தால் கொளத்தூர். இந்தியா முழுக்கக் கலர் மீன் அனுப்புகிற ஊர் என்றால் பார்த்தவுடன் நம்ப முடியாது. மாவு மில், மெடிக்கல் ஷாப், டீக்கடை, நடுவில் வரிசையாக மீன் கடைகள். வாசலில் கயிற்றில் தொங்கும் பாலிதீன் பைகளில் சயாமிலிருந்து வந்த பரம்பரையான ஃபைட்டர், பைக்கு ஒருவராக. இரண்டு ஆண்களைச் சேர்த்துப் போட்டால் சண்டை நிச்சயம். உள்ளே அமேசான் வம்சத்து ஏஞ்சல், சீனத்து கோல்டு ஃபிஷ். சந்துக்குள் போனால் வீட்டுப் பின்புறத்தில் சிமெண்ட் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். நாம் துளசி மாடம் வைக்கிற இடத்தில் இவர்கள் கப்பி வளர்க்கிறார்கள்.

ஏழாவது கடையில் கண்டேன் குப்புசாமியை! அதே சைஸ், வாலில் அதே கரும்புள்ளி. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்.

"தொட்டி வச்சு எத்தினி நாளு சார் ஆவுது?"

கதையைச் சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னிக்கு உங்களுக்கு மீன் கிடையாது சார்."

"ஏங்க, காசு குடுக்கறேனே!"

"இதுவும் அஞ்சு நாள்ல போயிடும். மீனோட கழிவுல அம்மோனியா வரும் சார், அது வெசம். அதைத் தின்ன ஒரு பாக்டீரியா வளரணும். அது நைட்ரைட்டா மாத்தும், அதுவும் வெசம்தான். அதை இன்னொரு பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தும். அது அவ்ளோ மோசமில்ல, வாரா வாரம் கால்வாசித் தண்ணி மாத்தினாப் போதும். இவங்கல்லாம் குடி வர்றதுக்கு நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆவும். கொஞ்சநஞ்சம் வந்தவங்களையும் குளோரின் தண்ணில கழுவி ஊத்திட்டீங்க."

பி.காம். படித்த எனக்குப் புரிந்துவிட்டது. நாலு மீனும் பற்று எழுதிக்கொண்டே போக, வரவு வைக்க ஆளே இல்லை.

"மீனை வளர்க்காதீங்க சார், மொதல்ல தண்ணிய வளருங்க" என்றவர், தன் தொட்டி ஃபில்டரிலிருந்து அழுக்கேறிய ஸ்பான்ஜ் துண்டு ஒன்றை வெட்டி, ஈரத்தோடு பையில் போட்டுக் கொடுத்தார். "பாக்டீரியா இதுல இருக்கு. உங்க ஃபில்டர்ல சொருகுங்க, சீக்கிரம் செட் ஆவும். குழாய்த் தண்ணிய ஒரு நாள் வாளில தொறந்து வச்சு ஊத்துங்க. தெனம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. பெறகு வாங்க, ரெண்டடித் தொட்டிக்கு கோல்டு ஃபிஷ் வேணாம், பெருசாயிடும். ஆறு கப்பி தர்றேன்."

காசு கொடுத்தேன். "அழுக்குக்கெல்லாம் காசா?" என்று சிரித்தார்.

குப்புசாமியின் டூப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ரயிலேறினேன். மடியில் ஒரு அழுக்கு ஸ்பான்ஜ், மனசுக்குள் மகள்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடினாள். காலி. திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், டூப் தேடிப் போனது உட்பட. அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"செத்துப் போச்சுன்னு போன்லயே ஏன் சொல்லலை?"

அம்மோனியாவுக்குப் பதில் தெரிந்து வந்தவனுக்கு இதற்குத் தெரியவில்லை. "தப்புதான்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஸ்பான்ஜைக் கையில் எடுத்து, "இதுக்குள்ளயா இருக்காங்க?" என்று உற்றுப் பார்த்தாள்.

இப்போது மூன்றாவது வாரம். மீனே இல்லாத தொட்டிக்கு நானும் அவளும் தினம் ஒரு சிட்டிகை தீனி போடுகிறோம். மனைவி தலையிலடித்துக் கொள்கிறாள். போன வாரம் என் பழைய ஆபீஸ் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். "அப்பா என்னம்மா பண்றார்?" என்று கேட்டிருக்கிறார்.

இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தமல்லவா? குழந்தை உண்மையைச் சொல்லியிருக்கிறாள்:

"உள்ளதான் இருக்கார் அங்கிள். காலையிலேர்ந்து தண்ணியிலதான் இருக்கார்!"